ஃபாலிங் பிளாக் வாங்கும் முன் முன்கட்டையைக் கழற்றிப் பாருங்கள்

கேள்வி இதுதான்: "பல வருடமாக .30-06 போல்ட் ஆக்‌ஷன் ரைஃபிள் வைத்திருக்கிறேன். மானும் காட்டுப்பன்றியும்தான் என் வேட்டை. இப்போது கைமாறிய ருகர் நம்பர் 1 ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. பார்த்ததிலிருந்து மனசு அதிலேயே இருக்கிறது. ஆனால் ஒரே ஒரு தோட்டாதானே? வாங்கிவிட்டுப் பின்னால் வருத்தப்படுவேனா? எந்த காலிபர் (தோட்டா அளவு) நல்லது, வாங்கும்போது எதையெல்லாம் பார்க்க வேண்டும்?"

வருத்தப்பட வாய்ப்பு உண்டு. ஆனால் நீங்கள் பயப்படுகிற காரணத்துக்காக இருக்காது. ருகர் நம்பர் 1 போன்ற ஃபாலிங் பிளாக் ஒற்றைத் தோட்டாத் துப்பாக்கியை ஆசையாக வாங்கிக் கொஞ்ச நாளில் விற்றுவிட்டவர்களைக் கேட்டுப் பாருங்கள். இரண்டாவது தோட்டா இல்லாததால் மான் தப்பியது என்று சொல்பவர் அபூர்வம். "நேற்று இருந்த குறி இன்று இல்லை", "ஸ்கோப் கண்ணுக்கு எட்டவே மாட்டேன் என்கிறது", "தோளைப் பெயர்த்துவிடுகிறது" என்ற மூன்றுதான் வழக்கமான புலம்பல். மூன்றுக்கும் வழி உண்டு, ஆனால் பணம் கொடுப்பதற்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும்.

இயங்கும் விதத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், பின்னால் வரும் விஷயங்களுக்கு அது தேவை. குழலின் பின்வாயை அடைத்து நிற்பது ஒரு கனமான எஃகுக் கட்டி. அதுதான் பிளாக். ட்ரிகரைச் சுற்றி இருக்கும் லீவரைக் கீழே தள்ளினால் அந்த பிளாக், துப்பாக்கியின் நடு உடலான ரிசீவருக்குள் வெட்டியிருக்கும் பள்ளத்தில் நேராகக் கீழே இறங்கும். தோட்டா உட்காரும் அறையான சேம்பர் திறக்கும், காலி உறை வெளியே வரும். புதுத் தோட்டாவைக் கட்டைவிரலால் தள்ளிவிட்டு லீவரை மேலே இழுத்தால் பிளாக் ஏறி அடைத்துக்கொள்ளும். சுடும்போது பின்னோக்கி வரும் அழுத்தத்தை பிளாக்கின் முதுகுப்புறம் இருக்கும் ரிசீவரின் திடமான சுவர் வாங்கிக்கொள்கிறது. நல்ல எஃகில் செய்த ஃபாலிங் பிளாக்கைவிட உறுதியான அமைப்பு துப்பாக்கிகளில் அதிகம் இல்லை.

பழைய சரக்குதான் இது. கிறிஸ்டியன் ஷார்ப்ஸ் அமெரிக்காவில் 1848-இல் காப்புரிமை வாங்கினார். ஸ்காட்லாந்தின் ஜான் ஃபார்குவர்சன் 1872-இல் இன்னும் நளினமான ஒன்றுக்கு வாங்கினார். பிரிஸ்டல் நகரத்து ஜார்ஜ் கிப்ஸ் அதைத் தயாரித்தார், ஆப்பிரிக்க வேட்டைக்காரர் ஃபிரெடரிக் செலூஸ் அதில் ஒன்றை விரும்பிச் சுமந்தார். ஜான் பிரவுனிங் வடிவமைத்து 1879-இல் காப்புரிமை பெற்ற ஒற்றைத் தோட்டாத் துப்பாக்கியை வின்செஸ்டர் நிறுவனம் 1883-இல் 8,000 டாலருக்கு வாங்கியது. அதுதான் மாடல் 1885 என்று 1920 வரை வந்தது. உயரமான ரிசீவர் உள்ளது ஹை வால், தாழ்ந்தது லோ வால். அப்புறம் பல தோட்டாக்களை உள்ளே அடுக்கிவைக்கும் மேகசின் துப்பாக்கிகளின் காலம் வந்து இதெல்லாம் ஓரம்கட்டப்பட்டது. எல்லோரும், கைப்பிடியை முன்னும் பின்னும் இழுத்துத் தோட்டா ஏற்றும் போல்ட்டும் தானியங்கியும் வாங்கிக்கொண்டிருந்த நேரத்தில், பில் ருகர் ஃபார்குவர்சனின் அழகில் மயங்கி 1967-இல் நம்பர் 1-ஐச் சந்தைக்குக் கொண்டுவந்தார். வியாபாரக் கணக்குப் போட்ட யாரும் அதைச் செய்திருக்க மாட்டார்கள்.

விற்பவர்கள் மார்டினி-ஹென்றியையும், நடுவில் மடக்கித் திறக்கும் பிளேசர் கே95 போன்றவற்றையும் இதே பெயரில் சேர்த்துவிடுவார்கள். மார்டினியின் பிளாக் பின்பக்கம் கீல் வைத்துச் சாயும், நேராக இறங்காது. மடக்குத் துப்பாக்கி முற்றிலும் வேறு சாதி: எடை குறைவு, இரண்டாகப் பிரித்துப் பையில் போடலாம், ஆல்ப்ஸ் மலையில் ஆடு தேடி ஏறுபவர்கள் அதைத்தான் விரும்புகிறார்கள். நான் இங்கே சொல்வது ஃபாலிங் பிளாக்குக்கு மட்டும்.

சரி, எதற்காக வாங்க வேண்டும்? கையில் எடுத்துத் தோளில் வைத்தால் பாதி பதில் கிடைத்துவிடும். போல்ட் பின்னால் ஓட இடம் தேவையில்லாததால் ரிசீவர் குட்டையாக இருக்கிறது. 26 அங்குலக் குழல் கொண்ட நம்பர் 1-இன் மொத்த நீளம் ஏறத்தாழ 42 அங்குலம். உங்கள் .30-06 போல்ட்டில் அதே நீளத்துக்குக் கிடைப்பது 22 அங்குலக் குழல்தான். குழலில் ஒரு அங்குலம் கூடினால் தோட்டாவைப் பொறுத்து வினாடிக்கு 20 முதல் 30 அடி வேகம் கூடும் என்பது பொதுவான கணக்கு. அதாவது 100 அடி வேகம் சும்மா கிடைக்கிறது. அல்லது 22 அங்குலக் குழல் கொண்ட 1-ஏ மாடலை எடுத்தால், புதருக்குள் திரும்ப வசதியான, 39 அங்குலத்துக்கும் குறைவான துப்பாக்கி கிடைக்கிறது. எடை இரண்டு கைகளுக்கும் நடுவில் உட்காருகிறது. இடதுகைக்காரருக்கு இது வரப்பிரசாதம், எந்தப் பக்கத்துக்கும் சாயாத அமைப்பு.

இன்னொன்று, அதிகம் பேசப்படாதது: பாதுகாப்பு. லீவர் கீழே தொங்கினால் பத்தடி தூரத்தில் நிற்பவருக்கும் துப்பாக்கி திறந்திருப்பது தெரியும். வேலி தாண்டும்போது, வழுக்கும் பாறையில் இறங்கும்போது தோட்டாவை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொள்வது ஒரு நொடி வேலை. மிருகம் கண்ணில் பட்டபிறகு தோட்டா போடுகிற பழக்கம் இதில்தான் இயல்பாக வரும், சத்தமும் அதிகம் இல்லை.

இப்போது ஒரே தோட்டா விஷயம். சாதாரண மான் வேட்டையில் முதல் குண்டு சரியாகப் போகவில்லை என்றால் அடுத்த குண்டு பெரும்பாலும் ஓடும் மிருகத்தின் பின்பக்கத்தை நோக்கித்தான் போகும். போல்ட்டில் இன்னும் மூன்று இருப்பது அந்த நேரத்தில் நல்ல உதவி என்று சொல்ல முடியாது. பழகிய கை ஃபாலிங் பிளாக்கில் மறுதோட்டா போட ஆகும் நேரம், போல்ட்டைவிடச் சில நொடிகள்தான் கூட. வீட்டில் டம்மி தோட்டா வைத்து, கண்ணை மிருகம் இருந்த இடத்திலிருந்து எடுக்காமல் லீவரைத் தள்ளி, விரலால் தடவியே சேம்பரைக் கண்டுபிடித்துப் போடப் பழகுங்கள். அடுத்த தோட்டாவை எங்கே வைப்பது என்பதை முதல் நாளே முடிவு செய்து அதை மாற்றாதீர்கள். பின்கட்டையில் மாட்டும் தோல் பட்டையா, மணிக்கட்டுப் பட்டையா, இடுப்பில் திறந்த பையா என்பது உங்கள் சௌகரியம். கால்சட்டைப் பையின் அடியில் சாவியோடு கிடக்கக் கூடாது. குளிரில் மரத்த விரல்கள் தோட்டாவைக் கீழே போடும், இலைச்சருகில் விழுந்த தோட்டா கிடைக்காது. அதற்கு மூன்றாவது தோட்டாவும் அதே இடத்தில் இருக்கட்டும்.

ஆனால் இரண்டு இடங்களில் இது பொருந்தாது. ஒன்று, கூட்டமாக ஓடும் காட்டுப்பன்றிகளை விரட்டி வேட்டையாடுவது. அதற்கு உங்கள் போல்ட்டே மேல். இரண்டு, காயம்பட்டால் திருப்பித் தாக்கும் பெரிய மிருகம். ஆப்பிரிக்காவில் எருமை வேட்டைக்கு நம்பர் 1 கொண்டுபோகிறவர்கள் உண்டு, ஆனால் பக்கத்தில் வேறு துப்பாக்கியோடு தொழில்முறை வேட்டைக்காரர் நிற்பார். அந்தத் துணை இல்லாமல் போவது வீரம் அல்ல.

இனி முன்கட்டை. மற்ற எதையும் தவறவிட்டாலும் இதைக் கவனமாகப் படியுங்கள்.

போல்ட் ரைஃபிளில் குழலையும் ரிசீவரையும் தாங்கும் மரக்கட்டை ஒரே துண்டு. ரிசீவர் அதில் இறுகி உட்காரும், குழல் எதையும் தொடாமல் மிதக்கும். ஃபாலிங் பிளாக்கில் ரிசீவர் நடுவில் நின்று கட்டையை முன்கட்டை, பின்கட்டை என்று இரண்டாகப் பிரித்துவிடுகிறது. முன்கட்டைக்குப் பிடிப்பு வேண்டுமே? நம்பர் 1-இல் ரிசீவரின் முன்முகத்திலிருந்து குழலுக்கு அடியில் ஒரு எஃகுத் தண்டு நீண்டிருக்கிறது. அதை ஹேங்கர் என்பார்கள். தோட்டாவை வெடிக்கவைக்கும் சுத்தியலை இயக்கும் ஸ்பிரிங்கும், காலி உறையை வெளியே தள்ளும் எஜெக்டரின் ஸ்பிரிங்கும் அதன்மேல்தான் இருக்கின்றன. முன்கட்டை ஒரே ஒரு திருகால் அந்தத் தண்டில் பிடிக்கப்பட்டிருக்கிறது. அது மேலே குழலையும் அழுத்தும். எவ்வளவு அழுத்துகிறது, எந்த இடத்தில் அழுத்துகிறது என்பது மரத்தின் ஈரத்தையும் திருகின் இறுக்கத்தையும் பொறுத்தது. மழை நாளில் மரம் ஊதினால் அழுத்தம் மாறும். மூன்று குண்டு சுட்டுக் குழல் சூடானாலும் மாறும். குண்டுகள் ஒன்றின்மேல் ஒன்றாக மேல்நோக்கி ஏறிக்கொண்டே போவது இந்தத் துப்பாக்கியின் பிரபலமான நோய். காரணம் பெரும்பாலும் இந்த இடம்தான், குழல் அல்ல.

அதனால்தான் "நம்பர் 1 துல்லியமானதா?" என்ற கேள்விக்கு இரண்டு கோஷ்டிகள் எப்போதும் சண்டை போடுகின்றன. இரண்டு பேர் சொல்வதும் உண்மை. ஒருவருடைய கட்டை நல்லபடி உட்கார்ந்திருக்கிறது, மற்றவருடையது இல்லை. போதாததற்கு, 1990-களின் தொடக்கம் வரை ருகர் இந்தக் குழல்களை வெளியாரிடம் வாங்கித்தான் பொருத்தியது. பிறகுதான் சொந்தமாகக் குளிர்நிலையில் அடித்து வடிக்கும் குழல்களுக்கு மாறியது. பழைய குழல்களில் அருமையானவையும் உண்டு, சுமாரானவையும் உண்டு.

வைத்தியம் மலிவானதுதான். முதலில் திருகின் இறுக்கத்தை ஒரே அளவில் வைத்துச் சுட்டுப் பாருங்கள். பிறகு முன்கட்டையை உள்ளே லேசாகச் சுரண்டி, குழலின் பக்கங்களைத் தொடாதபடி செய்யுங்கள். சிலர் ஹேங்கரின் நுனியில் மரை வெட்டி ஒரு சிறு திருகு வைத்து, அதைக் குழலின் அடிப்பக்கம் முட்டும்படி முடுக்குவார்கள். அழுத்தம் மரத்தின் கையிலிருந்து எஃகின் கைக்கு வந்துவிடும், கூட்டிக் குறைத்து எந்த அளவில் குண்டுகள் கூடுகின்றன என்று பார்க்கலாம். சிலர் அதே இடத்தில் ஒரு ரப்பர் வளையத்தை வைத்துச் சமாளிப்பதும் உண்டு. சிரிப்பாக இருக்கும், ஆனால் வேலை செய்கிறது. முன்கட்டை முழுவதையும் குழலைத் தொடாமல் மிதக்கவிடுவது மூன்றாவது வழி. எது எந்தத் துப்பாக்கிக்குப் பிடிக்கும் என்பதைச் சுட்டுத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

மேசையில் வைத்துச் சுடும்போது மணல் மூட்டை ரிசீவருக்கு மிக அருகில் இருக்கட்டும். முன்கட்டையின் நுனியில் வைத்தால் உங்கள் பாரமே அழுத்தத்தை மாற்றும். 1-ஏ, 1-எஸ், 1-எச் மாடல்களில் முன்பக்கத்து வார் வளையம் குழலிலேயே மாட்டியிருக்கும். தோள்வாரைக் கையில் சுற்றி இழுத்துப் பிடித்துச் சுடுகிற பழக்கம் இருந்தால், மெல்லிய குழல் இழுபட்டுக் குறி கீழே இறங்கும். வேட்டையில் எப்படிப் பிடிப்பீர்களோ அப்படியே பயிற்சியிலும் பிடித்து இதைச் சோதித்துவிடுங்கள்.

துல்லியத்தைப் பற்றி இன்னொரு வார்த்தை. ஐந்து குண்டு கூட்டத்தை அளந்து சந்தோஷப்படுவதில் ஒற்றைத் தோட்டாக்காரருக்குப் பெரிய பயன் இல்லை. உங்களுக்கு வேண்டியது குளிர்ந்த குழலின் முதல் குண்டு எங்கே போகிறது என்பது. ஒரே அட்டையை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு முறை மைதானத்துக்குப் போகும்போதும் முதல் குண்டை மட்டும் அதில் சுட்டுத் தேதி எழுதி வையுங்கள். ஒரு பருவம் முடிவதற்குள் அந்த அட்டை உங்கள் துப்பாக்கியைப் பற்றி வேறு யாரும் சொல்லாததைச் சொல்லிவிடும்.

ஸ்கோப் பிரச்சினை எளிமையானது, ஆனால் எரிச்சலூட்டுவது. பெரும்பாலான நம்பர் 1-களில் குழலின் பின்பகுதியில் மேலே ஒரு எஃகுப் பட்டை இருக்கும், ருகரின் வளையங்கள் அதில்தான் பிடிக்கும். ரிசீவர் குட்டை, வளையங்கள் குழலின்மேல். ஆகவே ஸ்கோப் முன்னால் தள்ளி உட்காருகிறது. இன்றைய ஸ்கோப்புகளில் குழாய்ப் பகுதி குட்டை, இரு முனையும் பருமன். எவ்வளவு பின்னால் இழுத்தாலும் கண்ணுக்குப் பாதிப் படம்தான் தெரியும், கழுத்தை நீட்டிச் சுட வேண்டிவரும். குழாய்ப் பகுதி நீளமாக உள்ள, கண்ணுக்கும் கண்ணாடிக்கும் தாராள இடைவெளி தரும் மாடலைத் தேடுங்கள். பழைய நிலையான 4 மடங்கு ஸ்கோப், 2-7 மடங்கு ரகங்கள் கச்சிதமாகப் பொருந்தும். பின்பக்கம் வளைந்த ஆஃப்செட் வளையங்களும் உண்டு. 50 மி.மீ. வாய் உள்ள பெரிய ஸ்கோப்பை இதில் ஏற்றுவது எனக்குப் பார்க்கவே பிடிக்காது. அந்த உயரத்துக்குக் கன்னமும் கட்டையில் படாது. பழைய துப்பாக்கி வாங்கும்போது அதனுடைய அசல் வளையங்களும் சேர்ந்து வருகின்றனவா என்று கேளுங்கள்.

காலிபர் விஷயத்துக்கு வருவோம். சுத்தமான பதில் வேண்டுமென்றால்: .30-06 ஏற்கெனவே இருப்பதால் அதையே வாங்குவதில் தவறில்லை, தோட்டா ஒன்றுதான். ஆனால் ஆசைக்கு வாங்குகிற பொருளில் அதே தோட்டாவை எத்தனை பேர் விரும்புவார்கள்? மானுக்கு 7×57 மௌசரும் .270 வின்செஸ்டரும் இந்தத் துப்பாக்கியோடு அழகாகப் போகும். 1-ஏ மாடலில் 7×57 என்பது பலருடைய கனவு. ஒரு சின்ன எச்சரிக்கை: பழைய 7×57 நம்பர் 1-களில் சேம்பருக்கு முன்னால் உள்ள தொண்டைப்பகுதி நீளமாக இருப்பதாகப் பெயர். நீளமான கனக்குண்டுகளுக்கு அது சரி, லேசான குண்டுகள் குழலின் உள்ளே சுருளாக வெட்டிய ரைஃப்ளிங்கைத் தொடுவதற்கு முன் கொஞ்ச தூரம் தாவ வேண்டியிருக்கும். சொந்தமாகத் தோட்டா நிரப்புபவருக்கு இங்கே ஒரு சலுகை உண்டு. மேகசின் பெட்டி இல்லாததால் குண்டை வெளியே நீட்டி உட்காரவைக்கலாம், நீளத்துக்குக் கட்டுப்பாடு கிடையாது.

விளிம்பு உள்ள தோட்டாக்கள்தான் ஒற்றைத் துப்பாக்கியின் இயற்கையான உணவு. .303 பிரிட்டிஷ், .30-40 கிராக், 9.3×74ஆர், .45-70 எல்லாம் இந்த வகை. விளிம்பைப் பிடித்து இழுப்பது எளிது. நம்பர் 1-இன் இழுப்பான் விளிம்பில்லாத தோட்டாவையும் நன்றாகவே கையாளும். பழைய வடிவமைப்புகளில் அந்தத் தைரியம் வேண்டாம்.

.45-70 பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில் ஆபத்து இருக்கிறது. 1873-இல் கறுப்பு வெடிமருந்துக்காகப் பிறந்த தோட்டா இது. பழைய ட்ராப்டோர் ஸ்பிரிங்ஃபீல்டும் இதைத்தான் சுடும், இன்றைய நம்பர் 1-ம் இதைத்தான் சுடும். பழையதற்காக வைத்த அழுத்த வரம்பு 28,000 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்குப் பவுண்டு). நம்பர் 1 தாங்குவது அதைவிட மிக அதிகம். அதனால் தோட்டா நிரப்புபவர்களுக்கான ரிலோடிங் கையேடுகளில் இந்தத் தோட்டாவுக்கு மூன்று தனித்தனி அட்டவணைகள் இருக்கும்: பழைய துப்பாக்கிகளுக்கு, லீவர் ஆக்‌ஷன்களுக்கு, நம்பர் 1 போன்ற நவீன ஒற்றைகளுக்கு. மூன்றாவது அட்டவணையில் நிரப்பிய தோட்டா வெளியே பார்க்க மற்றதைப் போலவேதான் இருக்கும், ட்ராப்டோரிலும் சுலபமாக நுழையும். அதைச் சுட்டால் துப்பாக்கி வெடிக்கக்கூடும், முகம் அதன் பக்கத்தில்தான் இருக்கும். உங்கள் வீட்டில் இரண்டு .45-70 துப்பாக்கிகள் இருந்தால் பலமான தோட்டாக்களுக்கு வேறு நிற உறை, வேறு பெட்டி, பெட்டிமேல் பெரிய எழுத்து என்று வையுங்கள். அதைவிட நல்லது, அப்படி நிரப்பாமலே இருப்பது. ஏழரை பவுண்டுத் துப்பாக்கியில் மூன்றாம் அட்டவணைத் தோட்டாவின் உதை அனுபவித்தவர் மறக்க மாட்டார். நடுத்தரமாக நிரப்பிய 400 கிரெய்ன் குண்டு, நெருக்கமான காட்டுக்குள் மானுக்கும் பன்றிக்கும் தாராளமாகப் போதும்.

உதை என்றதும் இன்னொன்று. பழைய நம்பர் 1-களில் உள்ள ரப்பர் பட்டை காலப்போக்கில் கல்லாகியிருக்கும், மாற்றிவிடுங்கள். 1885 நகல்களில் பிறைநிலா வடிவத்தில் வளைந்த எஃகு அடித்தட்டு வரும். சுவரில் மாட்ட லட்சணம், தோளில் வைத்தால் இரண்டு கொம்புகள். தட்டையான அடிப்பக்கம் உள்ளதை வாங்குங்கள்.

கைமாறிய துப்பாக்கியைப் பார்க்கிற முறை. காலியாக இருக்கிறதா என்று நீங்களே திறந்து விரலால் தடவிப் பாருங்கள், அப்புறம் மற்றது. பின்கட்டை ரிசீவரைச் சந்திக்கும் இடத்தில் நூல் போன்ற விரிசல் இருக்கிறதா என்று வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். முன்கட்டையைக் கழற்றி உள்ளே பார்க்க அனுமதி கேளுங்கள். திருகுத் துளையைச் சுற்றி விரிசல், யாரோ உளியால் கண்டபடி சுரண்டிய தடம், ஹேங்கரில் துரு எல்லாம் அங்கேதான் ஒளிந்திருக்கும். ஹேங்கரில் முறையாக வைத்த திருகு இருந்தால் அது குறை அல்ல, முந்தைய சொந்தக்காரர் விஷயம் தெரிந்தவர் என்று அர்த்தம். பிளாக்கின் முகத்தில், தோட்டாவைக் குத்தி வெடிக்கவைக்கும் ஃபயரிங் பின்னின் துளையைச் சுற்றிச் சின்னச் சின்னக் குழிகள் தெரிந்தால், தோட்டாவின் அடியில் உள்ள பிரைமர்கள் கிழிந்து வாயு அரித்திருக்கிறது, அதாவது யாரோ அளவுக்கு மீறி நிரப்பிச் சுட்டிருக்கிறார்கள். லீவர் மூடும்போது கடைசியில் 'டக்' என்று பூட்ட வேண்டும், தொளதொளவென்று தொங்கக் கூடாது. குழலின் வாய்முனை, உள்பக்கம், கூடுதலாகத் துளைத்த ஓட்டைகள் இவை எந்தத் துப்பாக்கிக்கும் பார்ப்பதுதான்.

மிக முக்கியமானது: குழலில் பொறித்திருக்கும் காலிபர்தான் உள்ளே இருக்கிறதா? பலமான அமைப்பு என்பதாலேயே, சொந்தமாகத் தோட்டா கண்டுபிடிக்கும் ஆசாமிகளுக்கு ஃபாலிங் பிளாக் என்றால் உயிர். .30-06 சேம்பரைக் கொஞ்சம் கடைந்து அக்லி இம்ப்ரூவ்ட் என்ற மாற்று வடிவம் ஆக்கிவிட்டு, மேலே பொறித்ததை மாற்றாமல் விற்றவை உலவுகின்றன. அந்தத் துப்பாக்கியில் சுட்ட ஒரு காலி உறையைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். உறை கழுத்தை நோக்கிக் குறுகும் தோள்பகுதி சாதாரணத் தோட்டாவைவிடக் கூர்மையாகத் திரும்பியிருந்தால் கதை புரிந்துவிடும். சந்தேகமிருந்தால் துப்பாக்கி மெக்கானிக்கிடம் சேம்பரை வார்த்து அளக்கச் சொல்லுங்கள், மூடிய பிளாக்குக்கும் தோட்டாவுக்கும் உள்ள இடைவெளியான ஹெட்ஸ்பேஸும் பார்த்துவிடட்டும்.

நூறு வருடத்துக்கு மேற்பட்ட அசல் 1885, ஷார்ப்ஸ் போன்றவற்றுக்கு இந்த மெக்கானிக் சோதனை கட்டாயம். அந்தக் கால எஃகு வேறு, அழுத்தம் வேறு. ஃபயரிங் பின் துளை பெரிதாக இருக்கும், நவீன பிரைமர் அதில் கிழியும். துளையை அடைத்துச் சிறிதாக்கும் வேலை இதற்கென்றே இருக்கிறது. .38-55 போன்றவற்றில் குழலின் உள்விட்டமே துப்பாக்கிக்குத் துப்பாக்கி மாறும், மென்மையான ஈயக்குண்டைத் தள்ளி அளந்த பிறகே குண்டு வாங்க வேண்டும். வெளியே சுத்தியல் உள்ள பழைய மாடல்களில், தோட்டா உள்ளே இருக்கும்போது சுத்தியலை முழுவதும் இறக்கிவைத்து நடக்கவே கூடாது.

ருகர்தான் வேண்டும் என்றில்லாவிட்டால், ஜப்பானின் மிரோகு தயாரித்துப் பிரவுனிங், வின்செஸ்டர் பெயர்களில் வந்த 1885-கள் மிக நல்ல வேலைப்பாடு. இத்தாலியின் உபெர்ட்டி 1885 நகலும் பெடர்சோலி ஷார்ப்ஸ் நகலும் செய்கின்றன. மான்டானா மாநிலத்தின் பிக் டிம்பர் என்ற சிற்றூரில் ஷைலோ ஷார்ப்ஸ் அசலுக்கு இணையாகவே செய்கிறது, ஆர்டர் கொடுத்துக் காத்திருக்க வேண்டும். நம்பர் 1 இப்போது சில காலிபர்களில் மட்டும் சிறு தொகுதிகளாக வருகிறது. அதனால் கைமாறிய சந்தையில் விலை இறங்குவதில்லை, நல்ல நிலையில் வாங்கினால் பிடிக்காமல் விற்றாலும் பெரிய நட்டம் வராது. சுத்தியல் வெளியே இருக்கிறதா உள்ளே இருக்கிறதா என்பது சில இடங்களில் சட்ட விஷயமும்கூட. அமெரிக்காவின் லூசியானா போன்ற மாநிலங்களில் பழங்கால ஆயுதங்களுக்கென்று ஒதுக்கிய பருவத்தில் .35 அல்லது அதற்கு மேற்பட்ட, வெளிச்சுத்தியல் உள்ள ஒற்றைத் துப்பாக்கிகளை அனுமதித்திருக்கிறார்கள். நம்பர் 1-இன் சுத்தியல் உள்ளே இருப்பதால் அது அந்த வரையறைக்குள் வராது. உரிமம், குறைந்தபட்ச காலிபர், எந்த மிருகத்தைச் சுடலாம், சுடவே கூடாதா என்பதெல்லாம் நாட்டுக்கு நாடு வேறு. முன்பணம் கொடுப்பதற்கு முன் அதைப் பாருங்கள்.

வாங்கியபின் வரும் சின்ன விஷயங்கள். போல்ட்டில் தோட்டா கொஞ்சம் இறுக்கமாக இருந்தால் கைப்பிடியை அழுத்தி உள்ளே திருகிவிடலாம். ஃபாலிங் பிளாக்குக்கு அந்த முறுக்கு பலம் கிடையாது. தோட்டா கட்டைவிரலுக்கே வழுக்கிக்கொண்டு போக வேண்டும். உங்கள் போல்ட்டில் சுட்ட உறையைக் கழுத்தை மட்டும் சுருக்கி நிரப்பியிருந்தால் அது நம்பர் 1-இல் பாதியில் நிற்கும். முழு நீளத்தையும் சுருக்குங்கள், வேட்டைக்கு எடுத்துப்போகும் ஒவ்வொரு தோட்டாவையும் பாதுகாப்பான இடத்தில் ஒருமுறை சேம்பரில் போட்டு எடுத்துப் பாருங்கள். எஜெக்டர் உறையைப் பின்னால் தூக்கி எறியும் வேகம் பிடிக்கவில்லையென்றால், அதை வெறுமனே வெளியே இழுத்து நிறுத்தும்படி மாற்றிவிடலாம். நான் அதைத்தான் விரும்புகிறேன். உறை கையில் கிடைக்கிறது, சத்தமும் இல்லை.

சுத்தம் செய்ய பிளாக்கை இறக்கிப் பின்பக்கமிருந்தே கம்பியை விடலாம், கம்பி ரிசீவரில் உரசாமல் ஒரு வழிகாட்டி வைத்துக்கொள்ளுங்கள். மழையில் நனைந்தால் வெளியே துடைத்தால் போதாது. பிளாக் ஓடும் பள்ளத்தில் தண்ணீரும் சருகுத்தூளும் சேரும், முன்கட்டையைக் கழற்றி ஸ்பிரிங்குகளையும் உலர்த்த வேண்டும். எண்ணெய் மெல்லிய படலமாகப் போதும். கெட்டியான கிரீஸ் கடுங்குளிரில் உறைந்து சுத்தியலை மந்தமாக்கிவிடும், அந்த நேரத்தில் ஒரே தோட்டாவும் வெடிக்காமல் போனால் சிரிக்க ஆளிருக்காது. அலமாரியில் குழல்வாய் கீழே இருக்கும்படி வைத்தால் எண்ணெய் ஊறிப் பின்கட்டையின் மரத்தை மெத்தென்றாக்காது. ரப்பர் பட்டைக்கு உள்ளே கட்டையை ரிசீவரோடு பிடிக்கும் நீண்ட போல்ட் இருக்கிறது, வருடத்துக்கு ஒருமுறை அதன் இறுக்கத்தைப் பாருங்கள்.

உங்கள் .30-06 போல்ட்டை மட்டும் இதற்காக விற்றுவிடாதீர்கள். பன்றிக்கு அது வேண்டும்.